அமுங்காத ரப்பர்

அறுபத்தேழாம் வருஷம், பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம் நடந்தது இது. காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டை நான் ஒருவனாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர்கள் பினாங்கில் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். கதவுகளைத் திறந்து காற்றாட விடுவது, பெருக்குவது, விளக்கேற்றுவது, பூட்டுவது, இதுதான் வேலை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மனிதர்களோடு பேசக் கூச்சம் என்பதால்தான் அந்த வேலைக்கே ஒத்துக்கொண்டேன். ஆனால் நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் கடையில் உப்புக் கேட்கப் போனால் குரலே வராது. தொண்டையைச் செருமிக்கொண்டுதான் கேட்பேன்.

ஒரு நாள் பீரோவுக்கு அடியில் ஒரு ஜோடி ஸ்கேட்ஸ் கிடைத்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் எப்போதோ விட்டுப்போனது. தோல் வாரால் காலில் கட்டிக்கொள்ளலாம். மரச் சக்கரம், தரையில் கீறல் விழாது. சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ரப்பர் குஷன் இருந்தது. தொட்டதும் நான்கும் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்துவிட்டன.

எனக்கு ஆசை வந்துவிட்டது. வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி நாலு பக்கமும் வழவழவென்று தாழ்வாரம். பார்க்க யாரும் இல்லை. தெருமுனை சைக்கிள் கடைக்குப் போய்க் கெட்டியான ரப்பர் கேட்டேன். கடைக்காரர் என் வயதுக்காரர்தான். "என்னத்துக்குண்ணே?" என்றார். கதவு ஆடாமல் அண்டக் கொடுக்க என்று பொய் சொன்னேன். "அப்ப லாரி டயருதான் சரி, ஆனை மிதிச்சாலும் அசையாது" என்று வெட்டிக் கொடுத்தார்.

கெட்டியாக இருந்தால் விழமாட்டோம் என்பது என் கணக்கு. ரப்பரை வைத்து, அதை இறுக்கும் நட்டை முடிந்தவரை முறுக்கினேன். நேராகப் போக அது நன்றாகத்தான் இருந்தது. தாழ்வாரத்தின் கோடி வரை போவேன், தூணைப் பிடித்து நிற்பேன், உடம்பைத் திருப்பிக்கொண்டு மறுபடி போவேன். பத்து நாளில் துணிச்சல் வந்தது. நிற்காமல் ஒரு சுற்று வரவேண்டும் என்று அன்றைக்கு வேகமாகக் கிளம்பினேன். மூலையில் உடம்பைச் சாய்த்தேன். உடம்பு சாய்ந்தது, சக்கரம் திரும்பவில்லை. முற்றத்துக் கல்லில் போய் விழுந்தேன். இடது முழங்காலுக்குக் கீழே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

நகர முடியவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முன்கதவை நானே தாழ்போட்டிருந்தேன். அன்றைக்கு யாரும் வரப்போவதில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வெயில் முகத்தில் அடித்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது, முன்கதவைத் தட்டும் சத்தம். "அண்ணே! பைய விட்டுட்டுப் போயிட்டீகளே!" சைக்கிள் கடைக்காரர். காலையில் சக்கரத்துக்கு எண்ணெய் வாங்க அவர் கடைக்குப் போனபோது பையை அங்கேயே மறந்திருக்கிறேன்.

இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நான் பதில் சொல்லவில்லை. காலில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானோடு கிடக்கிறேன். ஊர் சிரிக்கும், பினாங்குக்குக் கடிதம் போகும், வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு, கிளம்புவதற்காகச் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிடும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தில்தான் என் பயம் மாறியது. "அண்ணே!" என்று கத்தினேன். எனக்கே பழக்கமில்லாத குரல் அது.

"எங்குட்டு இருக்கீக?"

"முத்தத்துல! பின்வாசலுக்கு வாங்க! அது சும்மா சாத்தித்தான் இருக்கு!"

பின்வாசல் அடுத்த தெருவில் இருந்தது. அவர் சுற்றிக்கொண்டு வரும்வரை, வரமாட்டாரோ என்று பதறிக்கொண்டே கிடந்தேன். வந்தார். துண்டால் காலை மூடப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வாரை அவிழ்த்து, ஸ்கேட்டைக் கையில் எடுத்து, ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இதுக்கா லாரி டயரு? நெசத்தச் சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பனா? சாஞ்சா இது அமுங்கணும்ணே. அமுங்குனாத்தான சக்கரம் திரும்பும்."

பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. "கதவுக்கு அண்டக் குடுக்கப் போறாகளாம்!" எனக்கும் அந்த வலியில் சிரிப்பு வந்தது. சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் கேட்டவர்களிடம், "முத்தத்துல வழுக்கிட்டாக" என்று மட்டும் சொன்னார்.

கட்டுப் பிரித்து, கால் தேறிய பிறகு நான்கு ரப்பர் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். ரொம்ப மெத்தென்றும் இல்லை, கெட்டியும் இல்லை. என்னை ஸ்கேட்ஸில் நிறுத்தி, தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இடமும் வலமும் சாயச் சொன்னார். ஆட்டம் கூடினால் நட்டைக் கொஞ்சம் முறுக்கினார், திரும்பாமல் பிடித்தால் தளர்த்தினார். "சின்னப் பிள்ளைக்கு இன்னும் மெத்துன்னு வேணும். உங்க கனத்துக்கு இதுதான்" என்றார். அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சுற்று முழுதாக வந்தேன். அதைப் பார்க்க ஒரு ஆள் இருந்தார்.

அடுத்த வருஷமே கடையை எடுத்துக்கொண்டு அவர் சிவகங்கைக்குப் போய்விட்டார். சொல்லிக்கொள்ள வந்தவரிடம் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச எனக்கு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன், இப்போதும் தனியாகத்தான். பகலில் முன்கதவைத் தாழ்போடுவதில்லை. தெருவில் யாராவது சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினால், கூப்பிட அவர் இல்லை என்று தெரிந்தும், என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.