பின்மூடியில் இருந்த எண்கள்

கணவன் சொல்லாமல் போன பிறகு சாயிரா தாராவியில் ஜமாலின் பட்டறையில் சேர்ந்தாள். பழைய மானிட்டர்களைத் துடைப்பது முதல் வேலை. ஜமால் உடைந்த செட்டுகளை வாங்கி, ஒன்றின் படக்குழாயையும் இன்னொன்றின் போர்டையும் சேர்த்து ஓட வைப்பார். வெளியே மட்டும் எப்போதும் ஜப்பான் பெயரும் எண்களும் ஒட்டிய பின்மூடி.

எந்தத் திரையை மாட்டியிருக்கிறோம் என்று கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. எத்தனை வரி, எவ்வளவு வேகம் என்று ஒரு ஃபைலில் அடித்துத் தர வேண்டும். தந்ததை அது அப்படியே நம்பும். வேகத்தைக் கூட்டிச் சொன்னால் மானிட்டர் கருகும். சாயிரா இதைப் பார்த்தே கற்றாள். மூடியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் ஓர் எண்ணும் அடிக்கமாட்டாள். மூடிகளை மாற்றிப் பூட்டியவள் அவள்தானே.

1988இல் செம்பூர் ஆபீஸ் ஒன்று ஜமாலிடம் செட்டுகள் வாங்கியது. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் கேட்டது. முதல் செட்டை ஓட்டிக் காட்டினால் சாயிராவுக்கே வேலை.

"ஃபேனுக்குக் கீழ நாற்காலி, ளா!" என்றாள் பக்கத்து வீட்டுத் தோழியான என்னிடம்.

ஊர் ஊராய் அலைந்து திரும்பியிருந்த எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நானும் கூடப் போனேன்.

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். சாயிரா திருப்புளியை எடுத்ததும் ஜமால் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"உள்ள எந்த போர்டுன்னு பாக்கணும்லா மாமா."

"தொறந்தா ஜப்பான் சரக்கு இல்லன்னு பாத்துருவான். மூடியில போட்டிருக்கத அடி."

"கருகிரும் மாமா. எந்த போர்டுன்னு நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கென்ன ஞாபகமா இருக்கு? அடிட்டி!"

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. பொம்பளைப் பிள்ளை, பயப்படுகிறாள் என்று ஜமால் இந்தியில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

சாயிரா அடித்தாள். மானிட்டர் கீச்சிட்டது. படம் ஒரு கோடாய்ச் சுருங்கி அணைந்தது. புகை நாற்றம்.

ஜமால் எல்லோர் முன்னாலும் அவளை அறைந்தார். படிக்காதவள் என்று இந்தியில் "அன்பட்!" என்றார். சாயிரா அழுதாள். வேறு செட்டோடு தன் தங்கை மகன் ஹமீதை அனுப்புவதாகவும், அவன் படித்தவன் என்றும் சொன்னார். மேனேஜர் தலையாட்டினார். கருகிய செட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஜமால் எங்களுக்கு டீ வாங்கித் தந்தார்.

"கோவிச்சுக்கிடாத. நீ அழுததும் நல்லதாப் போச்சு. உன் தப்புன்னே மேனேஜர் நம்பிட்டான்."

"அந்த எடம் எனக்கு வரவேண்டியது மாமா."

"ஹமீதுக்குப் பொண்ணு பாக்கோம்லா. ஆபீஸ் மாப்பிள்ளன்னா மருவாதி. நீ அவனுக்குச் சொல்லிக்குடு."

பட்டறையில் ஹமீது இஸ்திரி போட்ட சட்டையோடு காத்திருந்தான். சாயிரா அவனுக்கு லாத்தா, அக்கா முறை. புதிதாக அனுப்பும் செட்டின் மூடியைச் சாயிரா கழற்றினாள்.

"போர்டெல்லாம் எனக்கு எதுக்கு லாத்தா? நம்பர மட்டும் சொல்லு."

அவள் சரியான எண்களையே சொன்னாள். இதுவும் கருகினால் அடி அவளுக்குத்தான்.