ஒயரைத் தொட்ட கை

மாணவர் ரோபோ போட்டிகளில் ஆடுகளத்து ஒயர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எங்கே கோளாறு என்றாலும் யோசிப்பதற்குள் கை அங்கே போய்விடும். அதனாலேயே எல்லாப் போட்டிக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்று அரையிறுதியில் அவள் மகளின் அணி ஓட்டிய ரோபோ பாதியில் அப்படியே நின்றுவிட்டது. மகள் பொத்தான்களை அழுத்தி அழுத்திப் பார்த்தாள்; அது அசையவே இல்லை. அம்மா களத்தின் ஓரத்தில் குனிந்தாள். மகள் அணியின் பொத்தான்களை ரோபோவோடு இணைக்கும் களத்து ஒயர் கழன்று தொங்கியது. சட்டென்று செருகினாள். ரோபோவுக்கு உயிர் வந்தது, ஆனால் அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

"களத்துலதான் கோளாறு சார். ஒயர் கழண்டிருந்துச்சு. மறுபடி ஆட விடுங்க," என்று நடுவரிடம் கெஞ்சினாள்.

எதிரணிப் பயிற்சியாளர் முந்திக்கொண்டார். "அவங்க பொண்ணு டீமுக்கு அவங்களே சாட்சியா?"

நடுவர் குனிந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. உதட்டைப் பிதுக்கிவிட்டு, மறு ஆட்டம் கிடையாது என்றார்.

"அவரைக் கூப்பிட்டுக் காட்டிட்டு அப்புறம் சொருகியிருக்கலாம்ல, அம்மா?" என்றாள் மகள். "உன்னை யாரு தொடச் சொன்னா?"

"கை தானா போயிடுச்சுடி."

அவளுக்கே அது சப்பைக்கட்டாகப் பட்டது. மகள் முகம் கொடுக்காமல் அணியோடு வேனில் ஏறிப் போய்விட்டாள். இறுதி ஆட்டம் பாக்கி இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளைத் தோற்கடித்தவர்களுக்காகக் களத்தைச் சரிபார்க்கப் போனாள்.