ரத்தக்குழாயில் கண்ட கொழுப்பு

1. நான் அறுத்த கோழி

எண்பதுகளில் திண்டிவனம் பக்கத்து கால்நடை மருந்தகம் ஒன்றில் நான் கம்பவுண்டர். டாக்டர் போஸ்ட் அப்போது காலி. ஒருநாள் காலை சரசா அக்கா கோணியில் மூன்று செத்த கோழிகளோடு வந்தார். புருஷன் போன பிறகு முட்டைக்காக வளர்த்த முந்நூறு லேயர் கோழிகளை நம்பியே அந்தக் குடும்பம் நின்றது.

"என்னா கம்பவுண்டரே, முட்டை வைக்கிற வயசுல ஒரு காலை முன்னால நீட்டிக்கினு, இன்னொன்னப் பின்னால நீட்டிக்கினு பரதம் ஆடுதுங்க. அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டேங்குது."

நான் படித்தது எட்டாவது. அறுப்பது மட்டும் டாக்டர்கள் பக்கத்தில் நின்று பழகியது. இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்குழாயைக் கத்தரியால் பிளந்தேன். உள்சுவரில் மஞ்சளாகக் கொழுப்பு தடித்திருந்தது. கண்டுபிடித்துவிட்ட பெருமையில் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

"தீனியில மல்லாட்டைப் புண்ணாக்கு ஜாஸ்திக்கா. கொழுப்பு அடைச்சிருக்கு. தீனியைக் குறைங்க."

"எனக்கே இல்லாத கொழுப்பு இதுங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சாம்?" என்று சிரித்தார். ஆனால் சொன்னபடி குறைத்தார். சில வாரங்களில் எல்லாம் செத்து, கொட்டகை காலியானது.

அடுத்த பேட்சுக்கு, பொரிப்பகத்திலேயே வாக்சின் போட்ட குஞ்சுகளாகப் பார்த்து எடுத்தார். தரையில் கோழிகளுக்குப் படுக்கையாகப் பரப்பியிருந்த வேர்க்கடலைத் தோலைக் காட்டி, "இந்த மல்லாட்டைத் தோல் லிட்டரை அள்ளிக் கொட்டிடட்டுமா?" என்று கேட்டார்.

"நல்லாத்தானே காஞ்சிருக்கு? கோளாறு தீனியிலதான், இதுங்களுக்கும் குறைச்சே போடுங்க. லிட்டரை எதுக்கு வீணாக்குறீங்க?"

இது நான் சொன்னது.

2. டாக்டர் அறுத்த கோழி

மூன்று மாதம் கழித்து அந்தக் குஞ்சுகளும் கால் இழுத்தன. அந்த வாரம்தான் விழுப்புரத்திலிருந்து புது டாக்டர் மாற்றலாகி வந்திருந்தார். ஒன்றை அறுத்து, நேரே தொடைக்குப் போனார். நூலாக இருக்கவேண்டிய நரம்பு சணல் கயிறாக வீங்கியிருந்தது.

"போன தடவை இதப் பாத்தியாய்யா?"

"இல்லீங்க சார். ரத்தக்குழாய்ல கொழுப்பு இருந்துச்சு, அதோட..."

"அது தீனிக் கொழுப்பு இல்லய்யா. இது மேரக்ஸ். நரம்பை வீங்க வச்சு காலை முடக்குற ஹெர்ப்பீஸ் ஜாதி வைரஸ். ரத்தக்குழாய்ச் செல்லுக்குள்ள பூந்துக்கினா, அங்க வர்ற கொலஸ்ட்ராலைக் கரைச்சு வெளிய அனுப்புற வேலையே கெட்டுப்போவும். உள்ளயே தேங்கிக்கும். அதத்தான் நீ பாத்திருக்க."

"இதுங்க வாக்சின் போட்ட குஞ்சுங்க சார். லிட்டர் மட்டும் பழசு."

"எதிர்ப்பு வர ஒரு வாரமாவது ஆவும். மொத நாளே பழைய லிட்டர்ல விட்டா? செத்த கோழிங்களோட இறகுத் தூசி அத்தனையும் அதுலதான இருக்கு?"

அன்று மத்தியானம் சைக்கிளில் போய்ச் சொன்னேன். சரசா அக்கா கொட்டகைக் கம்பியைப் பிடித்தபடி கேட்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.

"அப்ப புண்ணாக்கு ஒன்னும் பண்ணலியா?"

"இல்லக்கா. தப்பு என்னுது."

"ரெண்டு பேட்சும் தீனித் தட்டைப் பாத்து கத்திக்கினே கெடந்துச்சிங்க கம்பவுண்டரே. உன் பேச்சைக் கேட்டு, பசியோட சாவ விட்டேனே."

அதன் பிறகு அவர் கோழி வளர்க்கவில்லை. மருந்தகத்துப் பக்கமும் வரவில்லை.

ஓய்வுபெறும் நாள்வரை, தொடை நரம்பைப் பார்க்காமல் நான் கை கழுவியதில்லை. முதலில் கண்ணில் பட்டதோடு கத்தரியைக் கீழே வைக்காதீர்கள் என்று, இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.