என் சீட்டு யாரிடம்?

போன ஞாயிறு மதியம் ஸ்டெல்லா வீட்டிலிருந்து கேசரி வந்தது. எவர்சில்வர் டப்பா நிறைய. மேலே முந்திரி வேறு.

வந்த சூட்டோடு அதை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். 'எனக்கு சுகர்' என்று ஒரு பொய். எனக்கு சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. இருந்தது பொறாமை.

இந்தப் பத்தியில் பவர்கட், பரீட்சை பேப்பர், மரக்காணம் பஸ் ஸ்டாண்டு என்று எதையெதையோ எழுதியிருக்கிறேன். என் புத்தியைப் பற்றி எழுதியதில்லை. இந்த வாரம் எழுதிவிடுகிறேன். திட்டி லெட்டர் போடுகிறவர்கள் தாராளமாகப் போடலாம்.

ஸ்டெல்லா எங்கள் சபையைச் சேர்ந்தவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் வீட்டுக்காரர் டூவீலர் மெக்கானிக். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் கையில் ஸ்பேனர் நிற்காது... அவ்வளவு குடி. அந்த மனுஷன் குடியை விட்டு ஆறு மாதம் ஆகிறதாம். அதற்குத்தான் கேசரி.

நல்ல விஷயம்தானே, இதில் உனக்கென்ன எரிச்சல் என்கிறீர்களா?

அவர் குடியை விட வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடந்து ஜெபம் பண்ணியது நான்!

விவரமாகச் சொல்கிறேன். கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த மாதம், அதாவது இந்த ஜனவரியில், பொங்கல் கழிந்த கையோடு, எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். எங்களுடையது உப்பளம் போகிற ரோட்டில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட சின்ன சபை. அந்த மாதம் எல்லோருக்குமே ஆண்டவரிடம் கேட்க ஏதோ ஒன்று இருந்தது. அவரவர் விண்ணப்பத்தை ஒரு சீட்டில் எழுதி, மடித்து, கூடையில் போட வேண்டும். பிறகு ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். யாருடைய சீட்டு வந்ததோ அவருக்காக வருடம் முழுக்க தினமும் ஜெபிக்க வேண்டும். யார் சீட்டு யாரிடம் என்பது ரகசியம்.

"அடுத்தவங்களுக்குக் கேளுங்க. உங்களுக்கு வேண்டியதை ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார் பாஸ்டரம்மா.

நான் என்ன எழுதினேன்?

என் கணவர் தேவராஜ் பஸ் கண்டக்டர். ஈ.சி.ஆர். ரூட்டில் இருபது வருடம். டிக்கெட் கிழிப்பதற்குள் பயணியின் ஊர், உறவு, உடம்புக்கு என்ன எல்லாவற்றையும் கேட்டுவிடுகிற ஆள். போன வருடம் ஆகஸ்டில் ஒருநாள் காலை, ஷேவ் பண்ணிக்கொண்டே இருந்தவர் அப்படியே சரிந்தார். ஸ்ட்ரோக். கால் பிறகு தேறிவிட்டது, கையும் ஓரளவு வந்துவிட்டது. பேச்சு வரவில்லை.

ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம். ரைட்!

டாக்டர் பெயர் கேட்டார். "ரைட்." பசிக்கிறதா என்றோம். "ரைட்." இருபது வருடம் விசிலோடு சேர்த்துச் சொன்ன வார்த்தை நாக்கிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. நர்ஸ்கள் சிரித்தார்கள். முதல் இரண்டு நாள் நானும் சிரித்தேன்.

என் சீட்டில் இப்படி எழுதினேன்: 'என் கணவர் மறுபடி பேச வேண்டும். தெளிவாகப் பேச வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் பேச வேண்டும்.'

கெடு வைத்தா ஜெபம் பண்ணுவார்கள் என்று கேட்காதீர்கள். பதினெட்டு வருடமாகக் கேள்வித்தாள் தயாரிக்கிற கை. கேள்வியில் தெளிவில்லை என்றால் பதில் எப்படி வரும்?

என் கைக்கு வந்தது ஸ்டெல்லாவின் சீட்டு. உண்மையைச் சொன்னால், அவளுக்காக நான் உருகி ஜெபித்ததில் ஒரு பேரம் இருந்தது. இவள் விஷயத்தை நான் ஒழுங்காகச் செய்தால், என் விஷயம் அங்கே ஒழுங்காக நடந்துவிடும் அல்லவா? பிப்ரவரி பாதியிலேயே மெக்கானிக் குடியை நிறுத்திவிட்டார்! எனக்கு வாய் நிற்கவில்லை. "உன் சீட்டு என்கிட்டதான்" என்று ஸ்டெல்லாவிடம் உளறிவிட்டேன். அவள் கட்டிப்பிடித்து அழுதாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் எழுந்து நின்று சாட்சி சொல்கிறாள். "டீச்சரக்கா ஜெபம்" என்று என்னைக் கை காட்டுகிறாள். ஆராதனை முடிந்ததும் நாலு பேர் வந்து, எங்களுக்கும் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க டீச்சர் என்கிறார்கள்.

ஆக, என் ஜெபத்தில் கோளாறு இல்லை. ஊருக்கெல்லாம் வேலை செய்கிறது. மாவு அரைத்தது நான்... இட்லி மட்டும் அவள் வீட்டில் வேகிறது.

ஜூன் வந்தது. பள்ளி திறந்தது. ஜூலையும் போனது. என் வீட்டில் பேச்சு வரவில்லை. அதைவிட மோசம், இருந்த அந்த 'ரைட்'டும் நின்றுவிட்டது. என்னிடம் அவர் எதுவுமே சொல்வதில்லை.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம், எழுதிவிடுகிறேன்.

நான் அவருக்கு வீட்டில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சுவரில் சார்ட் ஒட்டினேன். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். "இது என்ன? தண்ணீர். சொல்லுங்க... த..." சொல்லும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருப்பேன். ஒருநாள் பத்து நிமிடம் வைத்திருந்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதும் நான் டம்ளரைக் கொடுக்கவில்லை. எல்லாம் அவர் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

கேசரி டப்பாவைப் பார்த்ததும் எனக்குள் ஒரு கேள்வி முளைத்தது. ஸ்டெல்லா சீட்டு என்னிடம். சரி... என் சீட்டு யாரிடம்? எட்டு மாதமாக எவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள்?

அன்று சாயங்காலமே விசாரணையைத் தொடங்கினேன். சபையில் இருபத்திரண்டு பெண்கள். ரகசியம் என்று சொன்ன விஷயம் எப்போதோ ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தது. நீ யாருக்கு, அவள் யாருக்கு என்று எல்லோரும் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார்கள். வியாழக்கிழமைக்குள் இருபத்தொரு பேர் கணக்கு தெரிந்துவிட்டது. யாரிடமும் வாயைத் திறக்காத ஒரே ஆள் அஞ்சலை.

அஞ்சலை உப்பளத்தில் வேலை செய்கிறவள். ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடம் இருக்கும். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்காருவாள். பாட்டும் சரியாக வராது, பைபிளில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றும் தெரியாது. போயும் போயும் என் விண்ணப்பம் கடைசி வரிசைக்கா போயிற்று? அப்புறம் எப்படி நடக்கும்!

இப்படித்தான் நினைத்தேன். அப்படியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு உப்பளத்துக்குக் கிளம்பினேன். வீட்டில் அவர் இல்லை, தடியை ஊன்றிக்கொண்டு வாக்கிங் போயிருந்தார். அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கால் மெதுவாகத்தானே போகும் என்று விட்டுவிடுவேன்.

பாத்திகளில் பெண்கள் பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலேயே அஞ்சலையின் குரல் கேட்டது.

"மருமவன் பைக்கு கேக்குறான். போடான்னு சொல்லிட்டேன். நான் சொன்னது ரைட்டா தப்பா, நீயே சொல்லு கண்டக்டரண்ணே!"

"ரைட்!"

கூடவே ஒரு சிரிப்பு. எனக்குத் தெரிந்த சிரிப்பு. கேட்டு ஒரு வருடம் ஆகிவிட்ட சிரிப்பு.

வரப்பின்மேல் கவிழ்த்துப் போட்ட கூடையில், தடியை மடியில் வைத்துக்கொண்டு என் கணவர் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஸ்டெல்லா மேல் இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஒரு பொறாமை வந்தது. கட்டின பெண்டாட்டிக்குக் கிடைக்காத ஒரு வார்த்தை, காலையில் உப்பு வாருகிறவளுக்குக் கிடைக்கிறதா?

அவர் என்னைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. வீட்டுப்பாடம் எழுதாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"வா டீச்சர்!" என்றாள் அஞ்சலை. "அண்ணன் தெனம் வந்து குந்துவாரு. நல்லா பேசுவாரு."

"பேசுவாரா?"

"ஆமா. நான் என்னா சொன்னாலும் ரைட்டுன்னுடுவாரு. எங்க ஊட்ல எந்த ஆம்பளயும் என்னை ஒரு நாளு ரைட்டுன்னு சொன்னதில்ல டீச்சர்."

எப்போதிலிருந்து வருகிறார் என்று கேட்டேன். பொங்கல் கழிந்ததிலிருந்து என்றாள். அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கப் பிடிக்கவில்லை. வந்த விஷயத்துக்கு வந்தேன்.

"அஞ்சலை, ஜனவரியில நீ எடுத்த சீட்டு எங்க?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "ஐயோ, அது ரகசியம்னு பாஸ்டரம்மா சொன்னாங்களே!"

"எல்லாரும் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"சொல்லிட்டாங்களா?" நிஜமாகவே அதிர்ந்துபோனாள். இருபத்திரண்டு பேரில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது இவள் ஒருத்திதான்.

தயங்கித் தயங்கி இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்தாள். கழுவிக் காயவைத்த பால் கவர். அதற்குள் சீட்டு. நாலாக மடித்து, நகத்தால் அழுத்திவிட்டது நான்தான். மடிப்பு அப்படியே இருந்தது.

"பிரிக்கவே இல்லையா நீ?"

"பிரிச்சி என்னா பண்றது? எனக்குத்தான் எழுத்து தெரியாதே."

"யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"அப்பறம் அது ரகசியமா எப்படி இருக்கும் டீச்சர்?"

எட்டு மாதம்! எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அப்ப இத்தனை நாளா என்னத்தைத்தான் கேட்ட?"

பக்கத்துப் பாத்திப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலை சாதாரணமாகச் சொன்னாள். "காலையில பலகையத் தொடறதுக்கு முன்னால இத கையில வெச்சிக்குவேன். ஆண்டவரே, இதுல என்னா எழுதியிருக்குதோ எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். என்னா கஷ்டத்துல எழுதினாங்களோ, நீ கூட இருந்து பாத்துக்கோன்னு சொல்லுவேன். அவ்ளோதான்."

கொஞ்சம் நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டாள். "கோச்சிக்காத டீச்சர். ஒம்மேல எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல். உன் கைக்குப் போன சீட்டு ஜெயிச்சிடுச்சி. ஸ்டெல்லா ஊடு நல்லாயிடுச்சி. என் கைக்கு வந்த சீட்டு யாருதோ... நடந்திருந்தா அவங்களும் எழுந்து சாட்சி சொல்லியிருப்பாங்க இல்ல? ஒருத்தரும் சொல்லல."

என்னைப் பார்த்து ஒருத்திக்குப் பொறாமை!

சீட்டை வாங்கிப் பிரித்தேன். வகுப்பில் படிக்கிற குரலில்தான் ஆரம்பித்தேன். "என் கணவர் மறுபடி பேச வேண்டும்." இரண்டாவது வரியோடு நிறுத்திக்கொண்டேன். ஜூன் மாத வரியைப் படிக்கவே இல்லை.

நிமிர்ந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு சீட்டு எழுதினேன் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. அவருக்குப் பேச்சுதான் போனது, காது போகவில்லை. ஒரு வருடமாக இது எனக்கு மறந்துபோயிருந்தது. கண் கலங்கி, இடது கையை நீட்டினார். சீட்டைக் கொடுத்தேன். விரலை வரிமேல் வைத்து மெதுவாகப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணனுக்கா இது! பக்கத்துலயே குந்தியிருக்கிறாரு. நான் யாருக்கோன்னு இல்ல கேட்டுக்குனு இருந்தேன்!"

பொங்கல் கழிந்து இவள் கேட்க ஆரம்பித்தாள். பொங்கல் கழிந்து அவர் இங்கே வர ஆரம்பித்தார். கணக்கு எனக்கும் போடத் தெரியும். ஆனால் இதுதான் பதில் என்று எழுந்து நின்று சாட்சி சொல்ல என்னால் முடியாது. நான் கேட்டது இது இல்லை. நான் கேட்டது இன்னும் வரவில்லை. ஸ்டெல்லா நாளைக்கும் மைக்கைப் பிடிப்பாள், எனக்கு எரியத்தான் செய்யும்.

ஆனாலும் அந்த வரப்பில் உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. எட்டு மாதமாக ஆண்டவருக்கும் டம்ளரைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். அஞ்சலை ஒருநாளும் அப்படி நிற்கவில்லை.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையை எடுத்தாள்.

"போவட்டும் டீச்சர். இப்பதான் விஷயம் தெரிஞ்சிபோச்சே. நாளையிலேருந்து சரியா கேக்கறேன். பேச்சு வரணும், தெளிவா வரணும். அவ்ளோதானே?"

"வேணாம் அஞ்சலை. நீ பழையபடியே கேளு. சரியா கேக்கத்தான் நான் இருக்கேனே."