லோசா அண்ணியும் போதகரம்மாவின் தட்டும்

எங்கள் அண்ணி லோசா யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. என் அண்ணன் செமிசி அவளைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, என் அம்மா முறைப்படி துணி மாதிரி மெல்லிசாக நெய்த ஒரு பாயை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள். எல்லாரும் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், இவள் பாயின் முனையைத் தூக்கி உரசிப் பார்த்தாள். எங்கள் சமோவாவில் பழைய பாய்க்குத்தான் மதிப்பு. நேற்று நெய்ததைத் தன் தலையில் கட்டிவிட்டார்களோ என்று அவளுக்குச் சந்தேகம்.

அவள் தீவின் மறுகோடியில், பெரிய குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவள். மூத்தவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்ட பிறகு மீனில் தலைதான் இவள் தட்டுக்கு வருமாம். யார் எதைத் தின்றார்கள், யார் எதை ஒளித்தார்கள் என்று பார்க்கிற கண் அங்கேயே வந்துவிட்டது. அந்தக் கண்ணோடுதான் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தாள். நல்லவள்தான். நான் காய்ச்சலில் கிடந்தபோது என்னை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டவள் அவள். ஆனால் நிஜமாகவே காய்ச்சலா என்று அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

எங்கள் ஊரில் போதகர் வீட்டு அடுப்பு புகைவது அபூர்வம். ஊர்தான் அவர்களுக்குச் சோறு போடும். முறை வைத்துக்கொண்டு தினமும் சில வீடுகளிலிருந்து சாயங்காலம் மூடிய பானைகள் போகும். மறுநாள் காலையில் அவரவர் பானையை அவரவர் போய் எடுத்து வருவோம். பானையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்காமல் எந்தப் பெண்ணும் வீடு திரும்பியதில்லை. பார்த்தேன் என்று எவளும் ஒத்துக்கொண்டதும் இல்லை.

போதகரம்மா அசெனாதி பெரிய உடம்புக்காரி. குரலும் அப்படித்தான், கோயிலில் அவள் பாட எடுத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. முதலில் நின்று பாடினாள், பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாடினாள், அப்புறம் உட்கார்ந்தே பாடினாள். வருடத்துக்கு ஒரு தடவை நியூசிலாந்திலிருந்து எலும்பு டாக்டர்கள் வந்து முழங்கால் மாற்றிவிட்டுப் போவார்கள். அந்த வருடம் அவளைப் பார்த்துவிட்டு, எடையைக் குறைத்துக்கொண்டு அடுத்த வருடம் வாருங்கள், இல்லாவிட்டால் கத்தி வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நடக்க முடியுமா, காலத்துக்கும் நாற்காலிதானா என்பது அந்த ஒரு வருடத்தில் தீர வேண்டிய விஷயம்.

எங்கள் நர்ஸ் ஃபுவாதினோ இதைப் பெண்கள் சங்கத்தில் எல்லாருக்கும் பொதுவாகவே சொன்னாள்.

"போதகரம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி. அவங்க ஒசரம், வயசு, எடை எல்லாம் பாத்துக் கணக்குப் போட்டது. உங்க யாருக்கும் இது இல்ல, அவங்களுக்கு மட்டும். அதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம். கீழ போனா சீக்கிரம் எளைக்கலாம்னு தோணும். ஆனா கொழுப்போட சேர்ந்து சதையும் கரைஞ்சு போயிடும். தலை சுத்தும், விழுவாங்க."

அண்ணி கையைத் தூக்கினாள். "இந்தக் கலோரி கண்ணுக்குத் தெரியுமா, நர்ஸம்மா?"

"தெரியாது, லோசா."

"அப்போ கூடுதா கொறையுதான்னு நாங்க எப்படிப் பாக்குறது? நீங்க சொன்னா சொன்னதுதானா?"

நர்ஸ் பொறுமையாகத் தன் கையை விரித்துக் காட்டினாள். ஒரு வேளைக்கு உள்ளங்கை அளவு மீன், மூடின கை அளவு சேப்பங்கிழங்கு, இரண்டு கை நிறையக் கீரை. தேங்காய்ப்பால் கட்டைவிரல் நுனி அளவு.

"யாரு கை?" என்றாள் அண்ணி. "உங்க கை கோழிக்கால் மாதிரி இருக்கு. போதகரம்மா கை அப்படியா?"

சங்கமே சிரித்தது. அசெனாதியும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நர்ஸ்கூடச் சிரித்துவிட்டு, "அவங்க கைதான். அவங்க ஒடம்புக்கு அவங்க கைதான் அளவு" என்றாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணியின் கைப்பக்குவத்தில் பெயர்போனது சேம்பிலைப் பொட்டலம். இளஞ்சேம்பிலையில் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி மடித்து, சுட்ட கல்லில் வேகவைப்பது. எங்கள் முறை வந்த மறுநாள் பானையை எடுத்து வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு பொட்டலம்கூடப் பிரிக்கல. நம்மகூட முறை வந்த தாலிதா வீட்டுப் பானையில மீன் முள்ளு கெடக்குது."

"அண்ணி, அவ பானையை ஏன் தெறந்தீங்க?"

"நான் எங்கடி தெறந்தேன்? மூடி சாஞ்சிருந்துச்சு."

"நர்ஸ்தானே சொன்னாங்க, மீன் சாப்பிடலாம், தேங்காய்ப்பால் நெறைய ஆகாதுன்னு."

"நர்ஸும் தாலிதாவும் ஒரே தெரு, தெரியுமில்ல?"

தாலிதா சும்மா இருப்பாளா? தன் முறையில் வெறும் மீனைச் சுட்டு அனுப்பியவள், அண்ணி முணுமுணுத்தது காதில் விழுந்ததும், அடுத்த தடவை மீனைத் தேங்காய்ப்பாலில் நீச்சலடிக்க விட்டு அனுப்பினாள். ருசி போதவில்லை, அதனால்தான் மிஞ்சுகிறது என்று ஆளாளுக்கு ஒரு நினைப்பு. ஒருத்தி டின் மாட்டிறைச்சியை வெண்ணெயில் வதக்கினாள். இன்னொருத்தி ஆட்டு விலாக்கொழுப்பைக் கொண்டுபோய்க் கொட்டினாள். பாவம் போதகரம்மா, யார் மனதும் நோகக் கூடாது என்று எல்லாப் பானையிலும் ஒரு வாய் எடுத்தாள். நர்ஸின் தராசு ஏறியது. டாக்டர்கள் வர இருந்த மாதங்களில் பாதிக்கு மேல் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அசெனாதி எழுந்து, தான் நோன்பு இருக்கப்போவதாகச் சொன்னாள். பானைகள் வழக்கம்போல வரட்டும், போதகருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆகும், தனக்கு மட்டும் வேண்டாம் என்றாள். எதற்காக, எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. கணவரிடமும் ஜெபம் என்று மட்டும் சொன்னாளாம். போதகரின் மனைவி ஜெபத்தைக் காரணம் காட்டினால் மேற்கொண்டு யார் கேட்பது?

கேட்கத்தான் முடியாது, நினைக்கலாமே! போதகரம்மா இவ்வளவு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள் என்றால் யாரோ பெரிய பாவம் செய்திருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியது. அப்புறம் யார் அந்தப் பாவி என்று ஆராய்ச்சி. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் கணவன்மாரை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

"ஆபியா டவுன்ல யாரு?" என்றாள் அண்ணி ஒரு நாள் காலையில், அண்ணன் கோகோ குடித்துக்கொண்டிருக்கும்போது.

"என்னடி கேக்குற? சந்தைக்குச் சேம்பு கொண்டு போறேன்."

"சேம்பு விக்கறவனுக்கு எதுக்கு வாசனைத் தண்ணி?"

"கப்பல்ல ஒரே டீசல் நாத்தம்டி!"

"போதகரம்மா என்னைப் பாக்குறப்போ எல்லாம் மொகத்தைத் திருப்பிக்கிறாங்க. என் வீட்டு விஷயம்தான். எனக்குத் தெரியும்."

அண்ணன் என்னைப் பார்த்தான், நான் கோழிகளைப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், எனக்கும் அந்த வாசனைத் தண்ணி மேல் ஒரு சந்தேகம் இருந்தது.

அசெனாதி இளைத்துக்கொண்டே வந்தாள். கன்னம் தொங்கியது. ஒரு வாரம் பாட்டு பாதியில் நின்றது, மூச்சு வரவில்லை. இளைக்கிறாளே, டாக்டர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

போதகர் சபைக் கூட்டத்துக்கு ஆபியா போயிருந்த ஒரு சாயங்காலம், அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா. அவங்க வாயாலயே கேட்டுடுறேன்." ஆனால் வாசல் வழியாகப் போகவில்லை. கொல்லைப்பக்கம் சுற்றிப்போய் ஜன்னலோரம் குனிந்து நின்றாள். நானும் குனிந்தேன், வேறென்ன செய்வது?

உள்ளே துணி மூடிய பானைகள் வரிசையாக இருந்தன. அசெனாதி ஒவ்வொன்றாக மூடியைத் தூக்கினாள், முகர்ந்தாள், மூடினாள். எங்கள் பானைக்கு வந்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்து, நாரை அவிழ்த்து, இலையை விரித்து மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. பிறகு பிரித்தது தெரியாதபடி அதே மடிப்பில் மடித்து, அதே முடிச்சைப் போட்டு, பானைக்குள் வைத்தாள். எழுந்தாள். இரண்டடி வைத்திருப்பாள், சுவரைத் தேடின கைக்கு அது அகப்படாமல் தடாலென்று விழுந்தாள்.

அண்ணி எப்படி உள்ளே போனாள் என்று எனக்குத் தெரியாது. நான் கதவைச் சுற்றி வருவதற்குள் போதகரம்மாவின் தலை அவள் மடியில் இருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கை ஜில்லென்றிருந்தது. அசெனாதி கண் திறந்ததும் அண்ணி கேட்ட முதல் கேள்வியைக் கேளுங்கள்.

"என் புருஷன் என்ன பண்ணான்?"

"செமிசியா?" அசெனாதிக்குப் புரியவில்லை. "அவனுக்கு என்ன?"

"அப்போ யாருக்காக இந்த நோன்பு?"

"யாருக்காகவும் இல்ல, லோசா." அவள் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "உன் பொட்டலத்தைத் தின்னா தாலிதா மொகத்தைத் தூக்கிக்கிறா. தாலிதா மீனைத் தின்னா நீ முள்ளைப் பாக்குற. எல்லாத்துலயும் ஒரு வாய் எடுத்தா தராசு ஏறுது. யாருதையும் தொடலன்னா யாருக்கும் கோவம் இருக்காதில்ல? நோன்புன்னு சொன்னா கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நர்ஸ் ஆயிரத்து ஐந்நூறு சொன்னாங்களே."

"அந்த ஆயிரத்து ஐந்நூறை யாரு பானையிலேருந்து எடுப்பேன்? நீயே சொல்லு."

அண்ணி அவள் முகத்து ஈரத்தைத் துடைத்தாள். "இத்தனை நாளா என்னதான் சாப்பிட்டீங்க?" என்றாள்.

"எலுமிச்சை எலை போட்ட தண்ணி. எப்பவாவது ஒரு பிஸ்கட்."

"பசிக்குதா?"

அசெனாதி எங்களைப் பார்த்தாள். ஊரே பானை சுமந்து வருகிற வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

"பசிக்குது" என்றாள் சின்னப்பிள்ளை மாதிரி. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

நர்ஸ் ஓடி வந்து பார்த்துவிட்டு அவளைத் திட்டினாள், எங்களைத் திட்டினாள், சுவரைக்கூடத் திட்டினாள் என்று நினைக்கிறேன். ரத்தம் குறைந்துவிட்டது, சதை கரைந்துவிட்டது, இந்த நிலையில் போனால் டாக்டர்கள் ஆபரேஷன் மேசையில் ஏற்ற மாட்டார்கள் என்றாள். "எடை எறங்கிடுச்சு, ஆனா ஒடம்பு போயிடுச்சு. மொதல்ல கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட வெச்சுத் தேத்தணும். நான் தினமும் வந்து பாப்பேன். அப்புறம் நான் சொன்ன அளவு, ஒரு நாள் கொறையக் கூடாது. மாசத்துக்கு ரெண்டு மூணு கிலோ எறங்குனா போதும்."

அடுத்த சங்கக் கூட்டத்தில் அண்ணி எழுந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

"நான் உங்க யாரையும் நம்பல. நீங்களும் என்னை நம்ப வேணாம். இனிமே அவங்களுக்கு வீட்டுக்கு வீடு தனிப்பானை கெடையாது. மீன் ஒரு வீடு, கெழங்கு ஒரு வீடு, கீரை ஒரு வீடு, பச்சையாவே கொண்டு வாங்க. சங்கத்து அடுப்புல ஒண்ணா வேகட்டும். எந்த வாய் யாரு வீட்டுதுன்னு அவங்களுக்கும் தெரியக் கூடாது, நமக்கும் தெரியக் கூடாது."

"நீ சமைச்சா உன் கைதானே பேசும்?" என்றாள் தாலிதா.

"அப்போ நீ பக்கத்துல நின்னு பாரு. நான் உன்னைப் பாக்குறேன்."

அப்படியே நடந்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் முறைத்துக்கொண்டே சமைத்தார்கள். அந்த முறைப்பில் தேங்காய்ப்பால் ஒரு சொட்டுக் கூடுதலாக விழவில்லை. சாப்பாட்டு வேளைகளில் அண்ணி போதகரம்மாவுக்கு எதிரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"வயிறு ரொம்பிடுச்சு, லோசா."

"மீன் இன்னும் இருக்கு. கையைக் காட்டுங்க. ம், உங்க கை இவ்ளோ பெரிசு. முடிங்க."

"நீ என்னை நம்பவே மாட்டியா?"

"நல்லா நடந்து காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்."

எடை மெதுவாகத்தான் இறங்கியது. டாக்டர்கள் வந்தபோது இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அவர்கள் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, உடம்பு தேறியிருக்கிறது, அந்தக் கொஞ்சம் பரவாயில்லை என்று ஒரு முழங்காலுக்கு ஒத்துக்கொண்டார்கள். இன்னொன்று அடுத்த தடவை.

முழங்கால் கட்டுப் பிரித்துப் பல வாரம் கழித்து, ஒரு மதியம் வெந்ததை எடுக்கக் கல்லடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தோம். தெருவில் அசெனாதி வருவது தெரிந்தது. ஒரு கம்பு மட்டும், துணைக்கு ஆள் இல்லை. அண்ணி நெற்றியைச் சுருக்கினாள். போதகரின் மனைவி அழைக்காமல் ஒரு வீட்டுக்கு வருகிறாள் என்றால் ஏதாவது இருக்கும் என்பது அவள் கணக்கு.

"என்ன விஷயம்?"

"விஷயம் ஒண்ணும் இல்ல. பசிக்குது. பொட்டலம் ஒண்ணு குடு."

"ஆகாதுன்னு நர்ஸ்..."

"காலையில கொறைச்சுத்தான் சாப்பிட்டேன். அரைப் பொட்டலம் தாங்கும்னு நர்ஸையே கேட்டுட்டுத்தான் வந்தேன்."

அண்ணி சூடாக ஒன்றை எடுத்து, தானே நாரை அவிழ்த்துக் கொடுத்தாள். அசெனாதி மெதுவாக, ருசித்துச் சாப்பிட்டாள். சரியாகப் பாதியில் இலையை மூடினாள்.

"போதும், லோசா" என்றாள்.

அண்ணி அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள். ஏன், என்ன குறை என்று எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இலையைத் தன் பக்கம் இழுத்து, மீதியைத் தானே சாப்பிட்டாள்.