மூக்கனுக்கு வைத்த பொட்டு

கல்லூரியில் புதிதாக ஒரு பெயர்ப்பலகை மாட்டினால் அதன் கீழே உட்கார ஆள் வேண்டாமா? எலெக்ட்ரானிக்ஸ் லேபில் பன்னிரண்டு வருடம் உதவியாளராக இருந்த சிவப்ரியாவைப் பிடித்து ஸ்டார்ட்அப் மையத்துக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். கோவில்பத்திலிருந்து வர அதே ஸ்கூட்டி, அதே சாப்பாட்டு டப்பா. பாதி மாணவர்கள் சான்றிதழ் கைக்கு வந்ததும் காணாமல் போவார்கள். அவள் மட்டும் அவர்களுடைய விண்ணப்பங்களுக்குக் கையெழுத்து வாங்க அலைந்துகொண்டிருப்பாள்.

திருவேட்டக்குடி அறிவுமதி அப்படிக் காணாமல் போகிறவள் இல்லை. கழிவுத்தொட்டியில் விஷவாயு இருந்தால் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்தாள். கயிற்றில் கட்டி உள்ளே இறக்க வேண்டும். வாயு இருந்தால் அலறும், இல்லையென்றால் பச்சை விளக்கு எரியும். முன்பக்கச் சல்லடை வழியாக மோப்பம் பிடிப்பதால் எல்லோருக்கும் அது மூக்கன்.

அதைப் பயன்படுத்திப் பார்க்க ஆள் பிடித்ததும் சிவப்ரியாதான். கழிவுநீர் லாரி வைத்திருக்கும் காத்தமுத்து. தொட்டிக்குள் மனிதர் இறங்கக் கூடாது என்பது சட்டம். குழாய் அடைத்துக்கொண்டால் இறங்குவது நடப்பு. இரண்டு மாதத்தில் ஐந்து முறை மூக்கன் அலறி அவரை மேலேயே நிறுத்தியிருந்தது.

“அது பச்சை காட்டாம நான் கால் வைக்கிறதில்லம்மா” என்பார். சிவப்ரியாவுக்குப் பெருமையாக இருக்கும். பயந்திருக்க வேண்டும்.

அறிவுமதி ஒரு விதி வைத்திருந்தாள். கருவியை வெளியே கொடுக்குமுன் லைட்டர் வாயுவைக் காட்டி, அது அலறுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. லேபிலிருந்த அத்தனைக்கும் சிவப்ரியா சந்தனம் குங்குமம் வைத்தாள். மூக்கன் செல்லப்பிள்ளை, அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே. மறுநாள் விஜயதசமி. மறுபூஜைக் கற்பூரம் அணையுமுன் காத்தமுத்து வந்து நின்றார்.

“தருமபுரத்துல ஒரு வீடும்மா. விருந்தாளிங்க வந்திருக்காங்களாம், தொட்டி பொங்குதாம்.”

லைட்டரைக் கையில் எடுத்தாள். நல்ல நாள், முதல் வேலை. எடுத்த எடுப்பிலேயே அபாயச் சத்தம் கேட்க வேண்டுமா என்று மனசு சுணங்கியது. லைட்டரை மேசையில் வைத்துவிட்டு சுவிட்சை மட்டும் போட்டாள். பச்சை எரிந்தது.

“நல்லபடியா போயிட்டு வாங்கண்ணே.”

“பொட்டோட லட்சணமா இருக்கும்மா” என்று சிரித்தபடி வாங்கிப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து, ஊருக்குப் போயிருந்த அறிவுமதிக்குப் பூஜைப் படத்தை அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“மேடம், சல்லடை பூரா சந்தனமா இருக்கு. காஞ்சா காத்தே உள்ள போவாது. தொடச்சிட்டுத்தானே குடுத்தீங்க?”

சிவப்ரியாவின் கண் மேசையில் கிடந்த லைட்டரில் போய் நின்றது.

“லைட்டர் காட்டுனீங்கள்ல மேடம்?”

அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் காத்தமுத்துவை அழைத்தாள். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான்காம் முறை லாரி ஓட்டுநர் செல்லையன் எடுத்தான்.

“அண்ணன்கிட்ட குடுங்க.”

“குழா அடைச்சுக்கிச்சு மேடம். மூக்கன எறக்கிப் பாத்துட்டுத்தான் உள்ள எறங்கினாரு. பச்சைதான் எரியுது.”

“மேல வரச் சொல்லுங்க. நீங்க எறங்காதீங்க, அவர கூப்பிடுங்க.”

செல்லையன் கூப்பிடுவது போனில் கேட்டது. முதலில் சாதாரணமாகத்தான் அண்ணே என்றான். பிறகு கத்தினான். அதற்குப் பிறகும் கத்தினான். உள்ளேயிருந்து பதில் இல்லை. மூக்கனும் அலறவில்லை.