கலங்கல் தண்ணீருக்கு ஒரு கேசட்

1982 மே மாதம். பேரளத்திலிருந்து காரைக்கால் இருபத்துமூன்று கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ரயிலுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. அம்பகரத்தூரில் மூச்சு வாங்கியது. திருநள்ளாற்றில் சனீஸ்வரனைக் கும்பிடப் போகிறவர்கள் எல்லாரும் இறங்கி முடிக்கும்வரை நின்றது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பள்ளித் தோழி நசீமாவைப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் ரிக்‌ஷாக்காரர் மூன்று ரூபாய் கேட்டார்.

"நசீமா வீடு. வீட்டுக்காரர் குவைத்துல இருக்கார்" என்றேன்.

"அந்தத் தெருவுல பாதி வீட்டுக்காரவுங்க அங்கதாங்க இருக்காங்க. வேற அடையாளம் சொல்லுங்க."

"கொல்லையில அழுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்றாங்களாம்."

"அட, சாக்கடை வீடா! ஏறுங்க."

நசீமா காபிகூடக் கொடுக்காமல் என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். அவள் கணவர் சலீம் குவைத்தில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறார்.

"துவைக்கிற தண்ணி கிணத்தடியில தேங்கித் தேங்கி, கிணறே நாத்தமெடுத்துப் போச்சுடி. மச்சான்கிட்ட சொன்னேன். என்ன செய்யணும்னு கேசட்டுல பேசி அனுப்புனாங்க."

முதல் தொட்டியில் தண்ணீர் சும்மா நிற்கிறது. கசடு அடியில் படிய, எண்ணெய் மேலே மிதக்கிறது. அங்கிருந்து நான்கு படிகளில் தண்ணீர் விழுந்து விழுந்து இறங்குகிறது. குவைத்தில் இயந்திரம் வைத்துக் காற்று ஊதுகிறார்களாம், இங்கே படிதான். காற்று கிடைத்தால் அழுக்கைத் தின்னும் கிருமி பெருகும் என்றாள். பிறகு ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டி. கடைசியில் கல்வாழைப் பாத்தி. அதைத் தாண்டித் தென்னைக்குப் போகும் தண்ணீரில் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. குடிக்க ஆகாது, மரத்துக்கு மட்டும்தான்.

"மச்சான் பேச்சுக்காரங்க இல்லடி" என்றாள். "உம்மாவைப் பாத்துக்க, ஒடம்பைப் பாத்துக்கன்னு ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருவாங்க. மாமியும் பக்கத்துல உக்காந்து கேக்குறப்ப வேற என்னத்தப் பேசுவாங்க? இந்தத் தண்ணி வேலை வந்த பொறவுதான் கேசட்டுல ஒரு பக்கம் முழுக்கப் பேசுறாங்க." சொல்லிவிட்டுக் கல்வாழை இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அந்தி சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பிறகு, நசீமாவின் மாமியார் பாயில் வந்து உட்கார்ந்தார். டேப் ரெக்கார்டர் ஓடியது. நான் முன் பின் பார்த்திராத சலீமின் குரல், "மணலை மேலாக மட்டும் கிளறு. அடி வரைக்கும் தோண்டிராதே. கைக்கு ஒறை போட்டுக்க" என்றது. நசீமாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. புதுப்பெண் மாதிரி இருந்தாள்.

மறுநாள் பதில் பதிவு செய்தாள். சிவப்புப் பொத்தானை அழுத்தி, "மணலைக் கிளறிட்டேன் மச்சான். தண்ணி இன்னமும் கலங்கலாத்தான் வருது. அடுத்து என்ன செய்யட்டும்?" என்றாள்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஏண்டி, நேத்து கண்ணாடி மாதிரி இருந்துச்சே!" என்றேன், டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே. நசீமா வெளுத்துப் போனாள்.

மாமியார் கையை நீட்டிப் பொத்தானை நிறுத்தினார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பின்னால ஓட்டி அழிச்சுட்டுத் திரும்பப் பேசு புள்ள" என்றார். "நானும்தான் தெனம் பாக்குறேன், கலங்கலாத்தான் வருது. கல்வாழை வேற வாடுதுன்னு சேத்துச் சொல்லு. அதுக்கும் கொஞ்ச நேரம் பேசுவான்."

நசீமா அவர் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கொல்லையில் கல்வாழை பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

மாலை ரயிலில் திரும்பினேன். என் கணவர் கடல் கடந்தெல்லாம் போகவில்லை. பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவரிடம் என்ன கேட்டால் அரை மணி நேரம் பேசுவார் என்று பேரளம் வரை யோசித்தேன். ஒரு கேள்வியும் அகப்படவில்லை.